கைகுலுக்கும் சீட்டு

அன்புள்ள அக்கா,

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 24. மூன்று வருடமாக ஜப்பானின் ஒரு சின்ன ஐடல் குழுவை, அதாவது பாடி ஆடும் இளம்பெண்களின் குழுவைப் பின்தொடர்கிறேன். ஆள் வைத்து அங்கிருந்து சிடி வரவழைப்பேன், அதற்கு கஸ்டம்ஸில் வரிகூடக் கட்டியிருக்கிறேன். போன மாதம் எனக்குப் பிடித்த பெண் ஒரு பையனோடு நடந்துபோகும் படம் வார இதழில் வந்தது. பத்தே நாளில் ‘கிராஜுவேஷன்’ என்று அறிவித்து அவளை அனுப்பிவிட்டார்கள். எனக்கு முதலில் அவள்மேல்தான் கோபம் வந்தது. ஏமாற்றிவிட்டாள் என்று தோன்றியது. இரண்டு நாள் கழித்து அந்தக் கோபத்தை நினைத்து வெட்கமாகிவிட்டது. ரூம்மேட்டிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

நான் கோபப்பட்டது தப்பா? காதலிக்கக் கூடாது என்பது அவர்கள் கலாச்சாரம். அவளும் தெரிந்துதானே கையெழுத்துப் போட்டாள்? வெளியே இருக்கிற நாம் அதைக் குறை சொல்லலாமா? கொரியாவில் இந்த விஷயத்தில் பரவாயில்லை என்கிறார்களே, உண்மையா? நீங்கள் டோக்கியோவில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

முதலில் உங்கள் ரூம்மேட். நடிகைக்குக் கோயில் கட்டிய ஊர் நம்முடையது, ஜப்பான்காரனைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி நமக்குக் கிடையாது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பொதுவாக இப்படிப்பட்ட கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. ஆனால் வீடு மாற்றுவதற்காகப் பரணைக் காலி செய்தபோது ஒரு சிடி கிடைத்தது. 2012இல் என்னோடு வேலை பார்த்த ஒருவர் கொடுத்தது. இரண்டு வாரமாக மேசைமேல் கிடக்கிறது, தூக்கிப் போடவும் மனசில்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

கொரியா மேலா என்ற கேள்விக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2024 மார்ச்சில் ஏஸ்பா குழுவின் கரீனா, ஒரு நடிகரைக் காதலிக்கிற செய்தி வெளியே வந்ததற்காக ரசிகர்களுக்குத் தன் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதினார். போதுமா?

அடுத்து, கலாச்சாரம். இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். யாருடைய கலாச்சாரம், எந்த வருடத்திலிருந்து என்று ஒருவரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்கவில்லை. யமகுச்சி மொமோஎ என்ற பாடகி 1980இல், 21 வயதில், கல்யாணத்துக்காகப் பாட்டையே விட்டார். புடோகான் அரங்கில் கடைசிப் பாட்டைப் பாடி முடித்து, வெள்ளை மைக்கை மேடையில் வைத்துவிட்டுப் போனது இன்றைக்கும் அங்கே புராணம் மாதிரி. சரி, இதுதான் கலாச்சாரம் என்கிறீர்களா? ஐந்தே வருடத்தில், 1985இல், மட்சுடா செய்கோ கல்யாணம் செய்துகொண்டார். பாட்டை விடவில்லை. குழந்தை பிறந்த பிறகும் பாடினார், ரசிகர்களும் கேட்டார்கள். ஐந்து வருடத்தில் மாறிப்போகிற ஒன்றைக் கலாச்சாரம் என்று தூக்கிவைத்து ஏன் கும்பிட வேண்டும்?

இன்னும் பின்னால் போகலாம். தகரசுகா என்று பெண்கள் மட்டுமே நடிக்கும் ஒரு நாடகக் குழு, முதல் மேடை 1914இல். அதில் இருக்கும்வரை கல்யாணம் கூடாது, கல்யாணம் என்றால் வெளியே போக வேண்டும். மேடைக்காரர்களை விடுங்கள், ஆபீஸ் பெண்களுக்கும் அதே கதிதான். கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிடுவதற்கு ‘கொதொபுகி தைஷா’ என்று ஒரு பெயர் உண்டு. மங்கல விலகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரிலேயே மஞ்சள் குங்குமம் மணக்கிறது பாருங்கள்! சுமிட்டோமோ சிமெண்ட் நிறுவனத்தில் இதை நிபந்தனையாகவே வைத்திருந்தார்கள். ஒரு பெண் வழக்குப் போட்டார். டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 1966 டிசம்பரில் அது செல்லாது என்றது. விஷயம் என்னவென்றால், அங்கே வருடம் ஏற ஏறச் சம்பளம் ஏறும். டீ போட்டு, தட்டச்சு செய்து கொடுக்கிற பெண்ணுக்கு முப்பது வயதில் கூடுதல் சம்பளம் தர முதலாளிக்கு மனசில்லை. அதற்குக் கல்யாணம் ஒரு நல்ல சாக்கு. கலாச்சாரம் என்று எங்கே பேச்சு எடுத்தாலும், அதற்குப் பின்னால் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது என் பழக்கம். அநேகமாக இருக்கும்.

ஐடல் உலகின் கணக்குப் புத்தகத்தை எழுதியவர் அகிமோட்டோ யசுஷி. 2005இல் அகிஹபாராவில் ஒரு கடைக் கட்டடத்தின் எட்டாவது மாடியில் ஏகேபி 48 குழுவைத் தொடங்கினார். ‘போய்ச் சந்திக்கக்கூடிய ஐடல்’ என்பது அவர்கள் வாசகம். டிவியில் பார்த்து ஏங்க வேண்டாம், நேரில் வா, சிடி வாங்கினால் கைகுலுக்கலாம். இன்னொரு சிடி வாங்கினால் ஓட்டுப் போடலாம், எந்தப் பெண் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்று நீயே தீர்மானிக்கலாம். ஒருவரே ஐம்பது, நூறு என்று வாங்கினார்கள். ஒரே நாளில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றதெல்லாம் உண்டு. 2017இல் ஃபுகுவோகா பக்கம் ஒருவர் இந்தக் குழுவின் ஐந்நூற்றுச் சொச்சம் சிடிக்களை மலையில் கொண்டுபோய்க் கொட்டி மாட்டிக்கொண்டார். பாட்டு கேட்க எத்தனை சிடி வேண்டும்? ஒன்று. மிச்சமெல்லாம் உள்ளே இருக்கும் சீட்டுக்கு.

இந்த வியாபாரத்தில்தான் காதலன் இடைஞ்சல். பெண் தனியாக இருக்கிறாள் என்பதும் சரக்கின் ஒரு பகுதி. அகிமோட்டோ 2008இல் அரங்கேற்றிய ஒரு நிகழ்ச்சிக்குப் பெயரே ‘காதல் தடைச் சட்டம்’. இதே மனிதர் எண்பதுகளில் ஒன்யாங்கோ கிளப் என்ற ஐடல் குழுவுக்குப் பாட்டு எழுதியவர். அந்தக் குழுவின் தகாய் மமிகோ விலகிய மறு வருடமே, 1988இல், அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். நன்றாக இருக்கட்டும். அப்போது எந்தக் கலாச்சாரமும் ஓடிவந்து குறுக்கே நிற்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பையன்களின் ஐடல் குழுக்களை நடத்திவந்தது ஜானிஸ் நிறுவனம். அங்கே யார் யாரோடு வெளியே போகிறார்கள் என்று பல வருடம் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தார்கள். நிறுவனர் ஜானி கிடகாவா பல பத்தாண்டுகளாகச் சிறுவர்களைச் சீரழித்ததை அதே நிறுவனம் 2023இல் ஒப்புக்கொண்டது. ஒழுக்கத்துக்குக் காவல் நின்றவர்களின் லட்சணம் இது.

“தெரிந்துதானே கையெழுத்துப் போட்டாள்?” தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் இது. ஏகேபி 48இல் மினெகிஷி மினாமி சேர்ந்தபோது அவருக்கு 12, 13 வயது. அந்த வயதில் நீங்கள் எதில் கையெழுத்துப் போட்டீர்கள்? மார்க் ஷீட்டில்கூட அப்பாதானே போட்டிருப்பார்! இருபது வயதில் தனக்கு யாரைப் பிடிக்கும் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? 2015 செப்டம்பரில் டோக்கியோவில் ஒரு தீர்ப்பு வந்தது. ஆண்களோடு பழகி ஒப்பந்தத்தை மீறினாள் என்று 17 வயதுப் பெண் சுமார் 6,50,000 யென் கட்ட வேண்டும் என்றார்கள். நாலே மாதத்தில், 2016 ஜனவரியில், அதே மாவட்ட நீதிமன்றத்தில் வேறொரு பெண்ணின் வழக்கு. காதலிப்பது மகிழ்ச்சியைத் தேடும் உரிமையில் சேர்ந்தது, அதற்காக நஷ்டஈடு கேட்பது அதிகப்படி என்று நிறுவனத்தின் மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஆகவே நீங்கள் பயபக்தியோடு சொல்லும் அந்தக் கையெழுத்தைப் பற்றி ஜப்பானிய நீதிபதிகளுக்கே ஒரே கருத்து இல்லை. திருப்பூரில் இருந்து நீங்கள் ஏன் நிறுவனத்துக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்?

சரி, திட்டியாயிற்று. என் சிடிக்கு வருகிறேன்.

அப்போது நிஷி-கசாயில் குடியிருந்தேன். டோக்கியோவில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் பகுதி. அங்கிருந்து தோசாய் லைனில் ஆபீஸ். டெஸ்டிங் குழுவில் என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் சென்பாய், அதாவது சீனியர். கல்யாணம் ஆகவில்லை. மதியம் தனியாகத்தான் சாப்பிடுவார். அவருக்கு ஒரு ‘ஓஷி’ உண்டு. அதாவது குழுவில் அவர் பக்கபலமாக நிற்கும் பெண். முன்வரிசைக்கு வராத, பெயர் சொன்னால் அதிகம் பேருக்குத் தெரியாத பெண். அவளைப் பற்றி எங்கள் டீமில் கிண்டல் செய்வோம். நானும் செய்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எப்படித்தான் இருக்கிறது பார்ப்போமே என்று அவரோடு மகுஹாரி மெஸ்ஸே போனேன். பொருட்காட்சி நடத்துகிற பிரம்மாண்டக் கூடம். பெண்ணுக்கு ஒரு தடுப்பு, தடுப்புக்கு ஒரு வரிசை. ஒரு சீட்டுக்குப் பத்து நொடிகூட வராது. நேரம் முடிந்ததும் பக்கத்தில் நிற்கும் ஊழியர் தோளைத் தொட்டு நகர்த்திவிடுவார். அவருக்கு ‘ஹகாஷி’ என்று பெயர். ஒட்டியதை உரித்தெடுப்பவர் என்று அர்த்தம். திருப்பதியில் “ஜருகண்டி” கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சென்பாய் எட்டு சீட்டைச் சேர்த்துக் கொடுத்தார். ஒரு நிமிடம் சொச்சம் கிடைத்தது. நான் பின்னால் நின்று கேட்டேன். அந்தப் பெண் இவர் கையைப் பிடித்ததும் முதலில் கேட்டது, “அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆச்சே, இப்ப நடக்கிறாங்களா?” சென்பாய் சொல்லத் தொடங்கினார். நீகாதாவில் இருக்கும் அம்மா, கைத்தடி, வீட்டு வாசலில் இரண்டு படி, பனிக்காலம் வந்தால் என்ன செய்வது. அந்தப் பெண் தலையாட்டிக் கேட்டாள். உரிப்பவர் வந்து தோளைத் தொட்டார்.

எனக்கு அவருடைய அம்மாவின் ஆபரேஷன் தெரியாது. இரண்டு வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் மூன்று நாள் லீவு போட்டபோது, அவர் பார்க்க வேண்டிய வேலையெல்லாம் என் தலையில் விழுந்ததே என்று முணுமுணுத்தது மட்டும் நினைவிருக்கிறது.

அந்தப் பெண் நடித்தாளா? காசுக்குத்தானே கேட்டாள்? இருக்கலாம். எனக்கும்தான் அந்த ஆபீஸில் சம்பளம் கொடுத்தார்கள், நான் கேட்கவில்லையே. சென்பாய் அவளைக் கட்டிக்கொள்ளும் கனவில் இருந்தாரா என்றும் ரயிலில் வரும்போது கேட்டேன், வெட்கமில்லாமல். அவர் சிரித்துவிட்டு, “அவளுக்கு நல்ல பையனாகக் கிடைக்க வேண்டும்” என்றார். அன்றைக்குத்தான் இந்த சிடியைக் கொடுத்தார். அவரிடம் அதே சிடி நாற்பது இருந்தது.

அவரை மாதிரி ஆட்கள் எத்தனையோ பேர். ஏகேபி 48இல் இருந்த சஷிஹரா ரினோவின் பழைய காதல் 2012இல் வார இதழில் வந்தது. தண்டனையாக ஃபுகுவோகா குழுவுக்கு மாற்றினார்கள். அடுத்த வருடத் தேர்தலில் ஒன்றரை லட்சம் ஓட்டு வாங்கி முதலிடத்துக்கு வந்தார். போட்டது யார்? மனசு உடைந்துவிடும் என்று நிறுவனங்கள் கவலைப்பட்ட அதே ரசிகர்கள். ஆமாம், பைத்தியக்காரர்களும் உண்டு. 2018 டிசம்பரில் நீகாதாவில் அங்குள்ள ஐடல் குழுவின் யமகுச்சி மாஹோவை வீட்டு வாசலிலேயே இரண்டு பேர் தாக்கினார்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் போலீஸ் வேண்டும். நடந்தது என்ன? அடுத்த மாதம் அடிபட்ட பெண்ணே மேடையேறி, தொந்தரவு கொடுத்ததற்காக மன்னிப்புக் கேட்டார். எதற்காக மன்னிப்பு? வீட்டுக்குத் திரும்பி வந்ததற்கா?

மினெகிஷி விஷயத்துக்கு வருகிறேன். 2013 ஜனவரி 31. ஒரு பையன் வீட்டில் இரவு தங்கிவிட்டு வந்த படம் வார இதழில். அவருக்கு 20 வயது. அன்றைக்கே தலையை மொட்டையடித்துக்கொண்டு, கேமரா முன் அழுதுகொண்டே, குழுவை விட்டுப் போக மனமில்லை என்று தலைகுனிந்தார். குழுவின் சொந்த யூடியூப் சேனலிலேயே வெளியிட்டார்கள். பயிற்சி நிலைக்கு இறக்கினார்கள். நமக்கு மொட்டை என்றால் பழநி, வேண்டுதல், சந்தனம். அங்கே அது தப்பு செய்தவன் தலை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சென்பாய் மதியம் சாப்பிடவில்லை. அந்த வீடியோவைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய ஓஷிகூட இல்லை. “நாற்பது சிடி வாங்கியிருக்கிறேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

அவர் கையில் அடுத்த நிகழ்ச்சிக்கு இரண்டு சீட்டு மிச்சம் இருந்தது. போய்வந்த திங்கட்கிழமை நானே கேட்டேன். முதலில் அம்மாவைப் பற்றி, அப்புறம் அதைப் பற்றி. ஒரு சீட்டைக் கொடுத்து உள்ளே போனாராம். அந்தப் பெண்ணிடம் “மன்னித்துவிடு” என்றாராம். அவள் முழித்தாளாம். என்ன, ஏன் என்று கேட்டாளாம். இவர் சொல்ல வாயெடுப்பதற்குள் உரிப்பவர் தோளைத் தொட்டுவிட்டார்.

“இன்னொரு சீட்டு இருந்ததே?” என்றேன்.

“அதற்கு மறுபடி வரிசையில் முதலிலிருந்து நிற்க வேண்டும்” என்றார்.