சுரங்கச் சாலையில் புழுதி: தண்ணீர் போதுமா, ரசாயனம் வேண்டுமா?

கேள்வி: எங்கள் திறந்தவெளிச் சுரங்கத்தின் மண் சாலையில் ஷிப்டுக்குப் பலமுறை தண்ணீர் தெளித்தும், சற்று நேரத்தில் புழுதி மீண்டும் கிளம்பிவிடுகிறது. கால்சியம் குளோரைடு போன்ற ரசாயனத்துக்கு மாறிவிடலாமா?

பதில்: மாறலாம்; ஆனால் முதலில் சாலையைச் சீர்செய்யுங்கள். டயர் ஓடும் தடத்தில் விரலை அழுத்திப் பாருங்கள். மாவு போன்ற பொடிக்குள் விரல் புதைகிறது என்றால், அதன் மேல் எந்த மருந்தைத் தெளித்தாலும் நிலைக்காது. 75 மைக்ரானுக்கும் நுண்ணிய துகள்கள் மேற்பரப்பில் கூடக்கூடப் புழுதியும் கூடுகிறது. டயருக்கடியில் நொறுங்கும் ஜல்லி, லாரியிலிருந்து சிந்தும் தாது, சக்கரத்தோடு ஒட்டி வரும் சேறு ஆகியவை அந்தப் பொடியை நாள்தோறும் புதிதாக உண்டாக்குகின்றன. ஆகவே சாலை ஈரமாக இருக்கும்போதே கிரேடரால் (சாலையைச் சுரண்டிச் சமன்செய்யும் இயந்திரம்) பொடியை வழித்தெடுத்து, பல அளவுக் கற்களோடு அளவான களிமண்ணும் கலந்த கிராவலைப் பரப்பி, நீர் வடியும் சரிவோடு ரோலரால் இறுக்க வேண்டும். களிமண்ணே இல்லாவிட்டால் பிடிப்பின்றிக் கற்கள் பெயர்ந்துவிடும்.

தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டுவது புழுதியைவிடப் பெரிய ஆபத்தை வரவழைக்கும்: பிணைக்கும் நுண்மண் அரித்துச் செல்லப்பட்டுக் குழிகள் விழும், இறக்கத்தில் லாரி சறுக்கும். குறைவாக, அடிக்கடி தெளிப்பதே முறை. சரிவுகளிலும் வளைவுக்கு முன்னும் டயருக்குப் பிடிமானம் கிடைக்கும்படி இடையிடையே உலர்ந்த பகுதி விட்டுத் தெளியுங்கள்.

கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் காற்றின் ஈரத்தை ஈர்த்து வைப்பவை. ஆதலால் மிக வறண்ட காற்றில் பலன் குறையும், கனமழையில் கரைந்துபோகும், இரும்பையும் அரிக்கும். காகிதக்கூழ் ஆலைகளில் துணைப்பொருளாகக் கிடைக்கும் லிக்னோசல்போனேட்டும் மழையில் கரையக்கூடியதே. பாலிமர், தார்க் குழம்புகள் மழையைத் தாங்கினாலும், அவற்றின் பூச்சு உடைந்தபின் கிரேடரை ஓட்டினால் எஞ்சியதும் பெயர்ந்துவிடும். எனவே நீண்டகாலம் மாறாத பிரதான சாலைக்கே ரசாயனத்தைப் பயன்படுத்துங்கள். தோண்டும் இடமான வெட்டுமுகத்தோடு இடம் மாறும் சாலைகளுக்குத் தண்ணீரே போதும். ரசாயனத்தையும் முதலில் ஒரு பகுதியில் மட்டும் போட்டு, அதே போக்குவரத்துள்ள பக்கத்துப் பகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

செலவில்லாத வழிகளும் உண்டு. வேகத்தைக் குறைத்தால் புழுதி குறையும். முன்செல்லும் லாரிக்கு 20 வினாடி பின்னால் சென்றால், பின்னால் வரும் ஓட்டுநர் சுவாசிக்கும் தூசி வெகுவாகக் குறையும். பாறையில் சிலிக்கா இருந்தால் இதில் சமரசமே கூடாது, ஏனெனில் நுரையீரலின் ஆழம்வரை சென்று சிலிகோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும் துகள்கள் கண்ணுக்கே தெரியாதவை. புழுதி அடங்கியதுபோல் தோன்றினாலும் கேபின் கதவை மூடியே வைத்து, வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றச் சொல்லுங்கள்.