அத்தாவின் ஹஜ்ஜும் மக்கா வெயிலும்: கூடப் போகிறவருக்குச் சில விஷயங்கள்

கேள்வி: என் அத்தாவுக்கு (அப்பாவுக்கு) 67 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். அண்ணனோடு ஹஜ்ஜுக்குப் போகப் பணம் கட்டியாகிவிட்டது. 2024-இல் வெயிலில் அத்தனை பேர் இறந்த செய்தியைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குப் பயம். அத்தாவோ, “அல்லாஹ்வோட விருந்தாளியா போறேன், ஒண்ணும் ஆகாது” என்கிறார். அனுப்பலாமா? என்ன முன்னேற்பாடு செய்ய வேண்டும்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அவரைப் பார்க்கும் மருத்துவர் சரி என்றால் தாராளமாக அனுப்பலாம். ஆனால் இந்தப் பதிலை அத்தாவிடம் படித்துக் காட்டுவதைவிட அண்ணனிடம் கொடுங்கள். ஹீட் ஸ்ட்ரோக் வந்தால் முதலில் குழம்புவது மூளை. மயங்கி விழப்போகிற ஆள், “எனக்கு ஒண்ணுமில்லப்பா, நட” என்றுதான் சொல்வார். அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் பக்கத்தில் நடப்பவர்.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2024 ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசே அறிவித்தது. ஜூன் 17 அன்று மக்கா பெரிய பள்ளிவாசலில் 51.8 டிகிரி வெப்பம் பதிவானது. அது ஹாஜிகள் அரஃபா திடலில் கூடும் அரஃபா நாள் கூட அல்ல. அதற்குப் பின் தூண்களில் கல்லெறியும் நாள்களில் ஒன்று. இறந்தவர்களில் 83 சதவீதம் பேர் முறையான அனுமதி இல்லாமல் வந்தவர்கள். ஏசி கூடாரமும் பஸ்ஸும் இல்லாமல், தங்க நிழலும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். ஆகவே முதல் முன்னேற்பாடு மருந்து அல்ல, பெர்மிட். விசிட் விசாவில் கூட்டிப்போகிறேன் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் காது கொடுக்காதீர்கள்.

ஹஜ் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்வதால், 2026-இல் மே கடைசிக்கும் 2027-இல் மே நடுவுக்கும் வந்துவிடுகிறது. அதனால் வெயில் போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம். மே மாதத்து மக்காவில் பகலில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம்.

திண்டுக்கல் வெயிலைப் பார்த்தவருக்கு அது புதிதா என்று அண்ணன் கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. சுற்றியுள்ள காற்று நம் தோலைவிடச் சூடாகிவிட்டால், உடம்பைக் குளிர்விக்க மிஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை காய்வதுதான். மக்காவின் காற்று வறண்டது. வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். “வேர்க்கவே இல்லை, சௌகரியமா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே ஒருவர் லிட்டர் கணக்கில் தண்ணீரை இழந்துகொண்டிருப்பார். வயதானவர்களுக்குத் தாகமும் சரியாகத் தெரியாது. பல வருடச் சர்க்கரையில் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் வியர்ப்பதே குறைந்திருக்கும்.

அப்புறம் மாத்திரைகள். எனக்கு அதிகக் கவலை இதில்தான். பிரஷருக்கான மாத்திரைகளில் சில (ஹைட்ரோகுளோரோதயசைட், ஃப்யூரோசமைட்) சிறுநீரைக் கூட்டுபவை. டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் போன்றவற்றைச் சாப்பிடுகிறவருக்கு உடம்பில் நீர் வற்றினால் பிரஷர் சட்டென்று இறங்கும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். அட்டெனோலால், மெட்டோபிரோலால் வகைகள் இதயத் துடிப்பை அடக்கி வைப்பதால், வெப்பத்துக்கு ஈடுகொடுக்க இதயம் வேகமெடுக்க முடியாது. சர்க்கரைக்கு இப்போது பரவலாகத் தரப்படும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் இரண்டும் சிறுநீர் வழியாகச் சர்க்கரையோடு நீரையும் வெளியேற்றும். சளிக்கும் தூக்கத்துக்கும் கடையில் வாங்கிப் போடும் பழைய அலர்ஜி மாத்திரைகள் சில வியர்வையையே குறைத்துவிடும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். புறப்படுவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரிடம் போய், “மினா (ஹாஜிகள் கூடாரங்களில் தங்கும் இடம்), அரஃபா நாள்களில் எதைக் குறைக்கலாம், வாந்தி பேதி வந்தால் எதை நிறுத்த வேண்டும்” என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் அண்ணனின் இடுப்புப் பையில் இருக்கட்டும்.

இன்சுலின் போடுகிறார் என்றால் குளிர் காக்கும் பை அவசியம். சூட்டில் இன்சுலின் சீக்கிரம் உடம்பில் சேர்ந்து சர்க்கரை திடீரென இறங்கலாம். அதன் அறிகுறியும் வெப்பத் தளர்ச்சியும் ஒன்று போலவே இருக்கும் என்பதால் குளுக்கோமீட்டரும் கையில் இருக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் யாரும் வெளியே சொல்லாத ஒன்று கழிவறை. முஸ்தலிஃபாவில் (திறந்தவெளியில் இரவு தங்கும் இடம்) வரிசை நீளம், பஸ்ஸில் வழியே இல்லை என்று பெரியவர்கள் முந்தைய நாள் மாலையிலிருந்தே குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் இன்னும் மோசம். வெட்கப்படாமல் பெரியவர்களுக்கான டயப்பரை எடுத்துப் போங்கள். இஹ்ராமில் (ஆண்கள் தைத்த உடை அணியாமலும் தலையை மூடாமலும் இருக்கும் ஹஜ் நிலை) ஆண்கள் அதை அணிவதற்கான சட்டத்தை முன்கூட்டியே ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டுக்கொள்ளலாம். தாகத்துக்குக் காத்திராமல் கால் மணிக்கு ஒரு தடவை சில மடக்கு குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். வேளா வேளைக்குச் சாப்பாடும், அதிகம் நடக்கிற நாளில் ஓஆர்எஸ்ஸும் வேண்டும். இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மட்டும் அளவை மருத்துவர் சொல்லட்டும். சிறுநீர் நிறத்தைப் பார்த்து அளவிடும் வழி, மேலே சொன்ன டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சரிவராது.

மார்க்கத்தில் உள்ள சலுகைகளை அத்தா போன்றவர்கள் பயன்படுத்தத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்ல, உங்கள் குழுவின் ஆலிமிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் நபி (ஸல்) கல்லெறிந்தபோது தோழர் ஒருவர் வெயில் படாமல் துணியை உயர்த்திப் பிடித்ததாக ஹதீஸ் இருக்கிறது. தலையில் ஒட்டாத குடைக்கு இஹ்ராம் தடையில்லை. வெளிர் நிறக் குடையாக வாங்குங்கள். ஊரில் அரஃபா நோன்பு வைத்துப் பழகியவர் அங்கேயும் வைக்க நினைப்பார். அந்த நாளில் அரஃபாவில் எல்லோரும் பார்க்க நபியவர்கள் பால் அருந்தினார்கள். ஜபலுர் ரஹ்மா குன்றில் ஏறினால்தான் ஹஜ் என்று எதுவுமில்லை. அரஃபா முழுவதும் நிற்குமிடம்தான். நண்பகலில் கூடாரத்துக்குள் இருந்து துஆ (பிரார்த்தனை) கேட்கட்டும்.

கல்லெறிய ஹஜ் மாதத்தின் 11, 12-ஆம் நாள்களில் லுஹர் (நண்பகல் தொழுகை) நேரம் வந்ததும் கிளம்புவதுதான் ஆபத்து. குழுவுக்கு ஒதுக்கிய நேரம் அனுமதித்தால் பொழுது சாய்ந்து மஃக்ரிபுக்குப் பிறகு போகலாம். நடக்க முடியாவிட்டால் அண்ணன் தன் கல்லை எறிந்துவிட்டு அத்தாவுக்கும் சேர்த்து எறியலாம். தவாஃபுல் இஃபாளாவையும் (ஹஜ்ஜில் கஅபாவைச் சுற்றும் கட்டாய வலம்) கூட்டத்தோடு அன்றே முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேண்டாம்.

பாதத்தையும் விடாதீர்கள். ஹரமுக்குள் (பெரிய பள்ளிவாசலுக்குள்) பளிங்குத் தரை குளிர்ச்சியாக இருக்கும். வெளியே செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலில் நடந்தால் கொப்புளம்தான். உணர்ச்சி மரத்த சர்க்கரைக் காலுக்கு அது சுடுவதே தெரியாது. செருப்பைப் பையில் போட்டுக் கையோடு வைத்திருக்கட்டும், இரவில் அண்ணன் பாதத்தைப் பார்க்கட்டும்.

சரி, ஆபத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு, கிறக்கம் இருந்தும் பேச்சு தெளிவாக இருந்தால் அது வெப்பத் தளர்ச்சி. நிழலில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, ஓஆர்எஸ் கொடுங்கள். அரை மணியில் தேறாவிட்டால் மருத்துவ முகாமுக்குப் போய்விடுங்கள். நடையில் தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு, காரணமில்லாத கோபம் தெரிந்தால் நிறுத்தி, “அத்தா, நம்ம கூடார நம்பர் என்ன?” என்று கேளுங்கள். காலையில் சரியாகச் சொன்னவர் இப்போது பதில் தெரியாமல் விழித்தால் ஹீட் ஸ்ட்ரோக் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இறங்கினாலும் இப்படி ஆகும், அதனால் ஒருவர் உடம்பில் தண்ணீர் ஊற்றும்போதே இன்னொருவர் மீட்டரில் பார்க்கலாம். தோல் காய்ந்திருக்க வேண்டும் என்று காத்திராதீர்கள், வியர்வையோடும் வரும்.

அந்த நிமிடத்தில் ஆம்புலன்ஸுக்கு ஒருவர் அழைக்க (மக்காவில் 911, செம்பிறைச் சங்கத்துக்கு 997), மற்றவர் உடனே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். வண்டி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. மேல்துணியை விலக்கி, தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றி, அட்டையோ துண்டோ எதையாவது வைத்து விசிறிக்கொண்டே இருங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் ஸம்ஸம் தண்ணீர் உட்பட எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

புறப்படும் வரை வாரத்தில் ஐந்து நாள், அத்தாவும் அண்ணனும் சேர்ந்து மாலையில் நடக்கட்டும். அரை மணியில் தொடங்கி ஒரு மணி வரை. அவர் இயல்பாக எப்படி நடப்பார், களைத்தால் எப்படிப் பேசுவார் என்பது அண்ணனுக்கு அப்போதே பழகிவிடும்.