பெரிய பூப்போட்ட துணிக்குக் கடன் எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. நான் முல்லைத்தீவில் புதுக்குடியிருப்புப் பக்கம், முன்பள்ளி ஆசிரியை. அம்மாவின் பழைய கால் மெசினில் எனக்கான சட்டை, பாவாடை எல்லாம் நானே தைத்துப் போடுகிறேன். பெரிய பூ, அகலக் கோடு, பளிச்சென்ற நிறம் என்றால் எனக்கு உயிர். போன வருடம் ஒன்பது உடுப்புத் தைத்தேன். துணி மீற்றர் 700 ரூபா. ஒரு சட்டைக்கு 3 மீற்றர் போகும். லைனிங், சிப், நூல் எல்லாம் சேர்த்து 2,600 முடியும். கடையில் அப்படி ஒன்று 4,500. வெட்டாத துணி இன்னும் 22 மீற்றர் அலுமாரியில் கிடக்கிறது. "இது சேமிப்பா, செலவா?" என்று கேட்கிறார் கணவர். இப்போது குழுக் கடன் (பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கும் கடன்) கொடுக்கும் ஒருவர், ஒன்றரை இலட்சம் எடுத்து மோட்டர் மெசினும் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லொக் மெசினும் இரண்டு ரோல் துணியும் வாங்கி, தைத்து விற்கச் சொல்கிறார். 12 மாதம், 24 வீத வட்டி, கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். எடுக்கலாமா?

பதில்: வணக்கம் தங்கச்சி. எடுக்க வேண்டாம். ஆனால் தையலை விடவும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் கணவரின் கேள்வி. ஒரு சட்டைக்கு 1,900 ரூபா மிச்சம், ஒன்பதுக்கு 17,100 என்று நீங்கள் கணக்குப் பார்த்திருப்பீர்கள். தைக்கத் தெரியாமல் இருந்தால் போன வருடம் கடையில் எத்தனை வாங்கியிருப்பீர்கள்? நான்கு என்று வைப்போம். அதற்கு 18,000. தைத்த ஒன்பதுக்கும் போனது 23,400. அலுமாரியில் இருக்கும் 22 மீற்றரின் விலை 15,400. மொத்தம் 38,800 ரூபா கையை விட்டுப் போயிருக்கிறது. ஆகவே இது சேமிப்பு இல்லை, செலவுதான். செலவு என்றால் தப்பு என்று அர்த்தமில்லை. விரும்பிய உடுப்பை விரும்பிய அளவில் தைத்துப் போடும் சந்தோஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்குவது நியாயம். மாதம் 1,500 என்று வையுங்கள். இருக்கும் 22 மீற்றரும் வெட்டி முடியும் வரை புதுத் துணி எடுக்காதீர்கள். ஏழு சட்டை அங்கேயே இருக்கிறது.

இனிக் கடன். 24 வீதம் என்று அவர் சொல்வது முழுத் தொகைக்கும் வருடம் முழுக்கப் போடும் வட்டி. ஒன்றரை இலட்சத்துக்கு 36,000 வட்டி, மொத்தம் 1,86,000. மாதம் 15,500, கிழமைக்கு ஏறக்குறைய 3,600. நீங்கள் ஒவ்வொரு கிழமையும் முதலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டியோ குறையாமல் நிற்கிறது. உண்மையில் கையில் இருக்கும் கடனுக்குப் பார்த்தால் அது வருடத்துக்கு 40 வீதத்தைத் தாண்டிவிடும். இதே 24 வீதத்தை மீதிக் கடனுக்கு மட்டும் போட்டால் வட்டி 20,000 ரூபா அளவில்தான் வரும். யாரிடம் கடன் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: வட்டி முழுத் தொகைக்கா, மீதிக்கா?

தைத்து விற்று இதைக் கட்ட முடியுமா? ஒரு சட்டையைக் கடை விலைக்கே விற்றாலும் துணிச்செலவு போக 1,900. மாதம் எட்டுச் சட்டை விற்றால் 15,200. தவணைக்கு இன்னும் 300 ரூபா போதாது. உங்கள் உழைப்புக்கு ஒரு சதமும் இல்லை. சனி ஞாயிறில் மட்டும் தைக்கிற ஆள் எட்டுச் சட்டை முடிப்பதே பெரிய காரியம்.

இதற்கும் மேலே அந்த இரண்டு ரோல் துணி. எனக்கு மிகவும் பயம் தருவது அதுதான். 60 மீற்றர் ரோல் ஒன்றில் இருபது சட்டை தைக்கலாம். இருபதும் ஒரே பூ. சாதாரணக் கறுப்புத் துணி என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். உள்ளங்கை அகலச் சூரியகாந்தியை ஊரே ஞாபகம் வைத்திருக்கும். வற்றாப்பளை அம்மன் கோவில் வைகாசிப் பொங்கலுக்குப் போகிற பெண், பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்ட அதே பூவைக் காசு கொடுத்து வாங்குவாளா? நாலைந்து விற்கும், மிச்சம் கிடக்கும். மீற்றருக்கு நூறு ரூபா மலிவாக வாங்கினாலும் விற்காத துணி மலிவு இல்லை.

பெரிய டிசைன் துணியில் இன்னொரு செலவும் இருக்கிறது, விலை சொல்லும்போது பலர் அதை விட்டுவிடுகிறார்கள். 95 சென்ரிமீற்றர் உயரப் பாவாடைக்கு மூன்று துண்டு வெட்டினால் 285 சென்ரிமீற்றர் போதும். ஆனால் பூ 60 சென்ரிமீற்றருக்கு ஒரு தடவை திரும்ப வருகிற துணி என்றால், தையல் ஓரத்தில் பூ பொருந்த ஒவ்வொரு துண்டையும் பூவின் அதே இடத்தில் தொடங்க வேண்டும். அப்போது 335 வேண்டும். அரை மீற்றர், 350 ரூபா கூட. பூவெல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும் துணியில் துண்டுகளைத் தலைகீழாக வைத்து மிச்சம் பிடிக்கவும் முடியாது. இந்த 350ஐ விலையில் சேர்க்காவிட்டால் அது உங்கள் கூலியில் இருந்துதான் போகும். துண்டு குறைந்த வெட்டு, இடுப்புக்கு எலாஸ்ரிக், சிப் இல்லாத பாவாடை: இந்த வகைத் துணிக்கு அழகும் அதுதான், செலவும் குறைவு. விழுகிற துண்டில் பொக்கற் வைக்கலாம், சின்னப் பிள்ளைக்குப் பாவாடை தைக்கலாம். கொட்டன் என்றால் நனைத்துக் காய வைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். தைத்துக் கொடுத்த பிறகு சுருங்கினாலோ சாயம் இறங்கினாலோ நட்டம் உங்களுக்குத்தான்.

சரி, அப்படியென்றால் என்ன செய்யலாம்? துணியை வாடிக்கையாளரே கொண்டு வரட்டும், நீங்கள் கூலி மட்டும் வாங்குங்கள். ஆறு மணி நேர வேலைக்கு மணிக்கு 250 என்றால் 1,500. முதல் எதுவும் முடங்காது. நீங்கள் துணி எடுத்துத் தைக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், துணிக்காசு முழுவதையும் முற்பணமாக வாங்கிய பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். சொந்தக்காரரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் கேளுங்கள். உங்கள் 22 மீற்றரில் இரண்டு மூன்று சட்டை தைத்து நீங்களே போட்டுக்கொண்டு போங்கள். அதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கொடுக்கிறது. துணி வீட்டில் இருக்கும், தைக்க ஆள் வேண்டும். பூப்போட்ட துணி போல மனதுக்குப் பிடித்த வேலை இல்லைதான், ஆனால் நிச்சயமான கூலி.

அப்புறம் எங்கள் பக்கத்துக் காசு ஓட்டம். பெரும்போக அறுவடை முடிந்து நெல் விற்றால் சனத்தின் கையில் காசு புழங்கும். சித்திரை வருடம், வைகாசிப் பொங்கல் எல்லாம் அதற்குப் பின்னால் வருவதால் தையலும் அப்போது குவியும். தீபாவளி வரும்போது காசெல்லாம் விதைப்புக்கும் பசளைக்கும் வயலுக்குள் போயிருக்கும். மழையும் தொடங்கிவிடும். வருமானம் இப்படி ஏறி இறங்கும் இடத்தில் கிழமைத் தவணை பொருந்தாது. வறட்சியில் அடிபட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்குட்பட்ட இப்படியான சிறு கடன்களை (நுண்கடன்) தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. அந்தப் பெண்கள் சோம்பேறிகள் இல்லை. தவணை வந்த கிழமையில் வருமானம் வரவில்லை.

மெசினுக்கு வருவோம். உங்கள் கால் மெசின் நல்லாக ஓடினால் அதிலேயே சின்ன மோட்டர் பூட்டலாம், புது மெசினின் விலையோடு பார்த்தால் செலவு மிகக் குறைவு. ஓவர்லொக் வைத்திருப்பவரிடம் ஒரு உடுப்புக்கு இவ்வளவு என்று கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள், அல்லது ஓரத்தை உள்ளே மடித்து இரட்டைத் தையல் போடுங்கள். கூலியில் பாதியைத் தனியாக வங்கியில் போட்டு வாருங்கள். ஒரு வருடம் வேலை நிற்காமல் வந்தால் மெசினுக்காக மட்டும் கடனைப் பற்றி யோசிக்கலாம், அதுவும் மீதிக்கு வட்டி போடும் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் போன்ற இடத்தில். துணிக்குக் கடன் எப்போதும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. குழுக் கடனில் நீங்கள் எடுக்காவிட்டாலும் பிணைக்குக் கையெழுத்து வைக்கச் சொல்லி வருவார்கள். கடன் எடுத்த பெண் கட்டாத கிழமையில் உங்கள் முன்பள்ளிச் சம்பளத்தில் இருந்துதான் கட்ட வேண்டி வரும். பக்கத்து வீடு என்றாலும் முடியாது என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.