பகுதி நேர சிடிஓ போதுமா? வந்த கேள்விகளும் என் பதில்களும்

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் முழு நேர சிடிஓவாக, அதாவது தொழில்நுட்பத் தலைவராக இருந்தேன். கடந்த நான்கு ஆண்டுகளாக மூன்று நிறுவனங்களுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் போய் அதே வேலையைப் பார்க்கிறேன். பகுதி நேரம்தான் இப்போது என் பிழைப்பு. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதி: அக்கா, எங்களிடம் 140 மெஷின் ஓடுகிறது. ஆர்டர் முதல் பேக்கிங் வரை எக்செல், கணக்கு டேலியில். ஈஆர்பி (ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள்) போடலாம் என்று ஒரு வெண்டர் டெமோ காட்டிவிட்டுப் போனார். முதலில் ஒரு சிடிஓவை வைக்க வேண்டுமா?

முழு நேரமாக வேண்டாம். நீங்கள் மென்பொருள் செய்யப் போவதில்லை, வாங்கப் போகிறீர்கள். வெண்டருக்கு எதிரே உங்கள் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்தால் போதும். டையிங்குக்கு, அதாவது சாயம் போட, 500 கிலோ துணி போய் 465 கிலோ திரும்பி வந்தால், அந்த 35 கிலோ எந்தத் திரையில் தெரியும்? ஒரே ஸ்டைலில் 5 நிறம், 6 சைஸ் என்றிருக்க, பையர் ஒரு நிறத்தை மட்டும் பாதியில் ரத்து செய்தால் எத்தனை இடத்தில் திருத்த வேண்டும்? இ-இன்வாய்ஸ், அதாவது ஜிஎஸ்டி தளத்தில் பதிவாக வேண்டிய மின்னணு பில், ஈஆர்பியிலிருந்து போகுமா, டேலியிலிருந்தா? (ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் அது கட்டாயம்.) டெமோவில் இதெல்லாம் வராது, டெமோவில் எல்லாத் துணியும் எடை குறையாமல் திரும்பி வரும்.

வாரம் ஒரு நாள் என்று நாலைந்து மாதத்துக்குப் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் நாளிலிருந்தே உங்கள் ஆபீஸ் ஆள் ஒருவர் கூடவே இருக்கட்டும். மெர்ச்சண்டைசரோ கணக்குப் பிரிவில் துருதுருவென்று இருக்கும் பெண்ணோ, யாராக இருந்தாலும் சரி. பகுதி நேரக்காரர் கிளம்பிய பிறகு அந்த ஈஆர்பியைக் கட்டி மேய்க்கப் போவது அவர்தான்.

சென்னை, மென்பொருள் நிறுவனம்: நிறுவனர்கள் நாங்கள் இருவருமே விற்பனையிலிருந்து வந்தவர்கள். 9 டெவலப்பர்கள். பகுதி நேர சிடிஓ செவ்வாய், வெள்ளி வருகிறார், கெட்டிக்காரர். இருந்தும் ஒவ்வொரு ரிலீஸும் தள்ளிப் போகிறது. ஆளை மாற்றவா, முழு நேரத்துக்குப் போகவா?

இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். போன மாதம் உங்கள் டீம் அவரிடம் கேட்ட எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அவர் வரும் நாள்வரை காத்திருந்ததா, காத்திருந்ததில் என்ன நஷ்டம் என்று குறியுங்கள். எந்த டேட்டாபேஸ், இதை நாமே செய்வதா வாங்குவதா, யாரை வேலைக்கு எடுப்பது போன்றவை வெள்ளிவரை நிற்கும். நின்றால் நல்லதும்கூட, ஆற அமர யோசித்த முடிவாக இருக்கும். ஆனால் ஒருவர் எழுதிய கோடை (மென்பொருள் நிரலை) இன்னொருவர் ஏற்க மறுத்து இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது, சனிக்கிழமை ராத்திரி சைட் படுத்துவிடுவது, நல்ல டெவலப்பர் ஒருத்தி ராஜினாமா கடிதத்தோடு வந்து நிற்பது, இவை எதுவும் கிழமை பார்த்து வருவதில்லை. தாளில் இரண்டாம் வகைதான் அதிகம் என்றால், எவ்வளவு கெட்டிக்காரர் வந்தாலும் வாரம் இரண்டு நாளில் சமாளிக்க முடியாது.

எனக்கே நடந்தது இது. நான் செவ்வாயும் வெள்ளியும் போய்க்கொண்டிருந்த ஒரு நிறுவனம். ஒரு புதன்கிழமை, லைவ் டேட்டாபேஸில் ஒரு டேபிளை மாற்றலாமா என்று ஜூனியர் பையன் காலையில் எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறான். நான் வேறோர் ஆபீஸ் மீட்டிங்கில், போன் சைலன்டில். நாலு மணி வரை பார்த்துவிட்டு அவனே மாற்றிவிட்டான். தப்பாகப் போனது. பேக்கப்பை (பாதுகாப்பு நகலை) தேடினால், அதை எடுக்கும் ஸ்கிரிப்ட் பதினோரு நாளாக ஓடவே இல்லை. பையனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நாலு மணி வரை காத்திருந்தானே. அந்த பேக்கப்பைச் சோதிப்பது என் பொறுப்பு.

அதற்குப் பிறகு அங்கே முழு நேர சிடிஓவை எடுக்கவில்லை. முழு நேர டெக் லீட், அதாவது டெவலப்பர்களைத் தினமும் வழிநடத்தும் மூத்தவர் ஒருவரை எடுத்தோம், நான் வாரம் ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டேன். உங்கள் 9 பேருக்கும் அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். தினசரி முடிவுகளுக்கு உள்ளே ஒருவர், பெரிய முடிவுகளுக்கு வெளியிலிருந்து ஒருவர். தலைக்கணக்கு இருபதை நெருங்கும்போது மறுபடி தாளை எடுங்கள்.

கோவை, பம்ப்செட் தயாரிப்பு: ஏம்மா, கணக்கு எளிதுதானே? வாரம் ஒரு நாள் என்றால் முழுச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு?

இல்லை ஐயா, கூடத்தான் ஆகும். பிஎஃப், விடுமுறை, நோட்டீஸ் காலம், வேலை இல்லாத மாதம் எல்லாவற்றையும் அவரே தாங்கிக்கொள்கிறார், அதெல்லாம் அந்த ஒரு நாள் கட்டணத்தில் ஏறும். வாரம் மூன்று நாள் கேட்கும் நிலை வந்தால் பேசாமல் முழு நேரம் போய்விடுங்கள்.

மதுரை, மருத்துவமனை: மேடம், எங்களிடம் 80 படுக்கைகள். நோயாளி விவரம், லேப், பில்லிங் எல்லாம் கம்ப்யூட்டரில். ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது ஹேக் செய்து சர்வரை முடக்கினால் பகுதி நேரக்காரர் போனை எடுப்பாரா?

எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் எடுப்பார். இல்லாவிட்டால் காலையில் கூப்பிடுவார். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, இப்படித் தாக்குதல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் போக வேண்டும், லாக் பதிவுகளை (கணினியில் நடந்தவற்றின் குறிப்புகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். இரண்டு மணிக்குத் தெரிந்தால் எட்டு மணிக்குள். அவர் குளித்துவிட்டு வருவதற்குள் கெடு முடிந்துவிடும். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு வைக்காததற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. யார் வேலையில் கோட்டை விட்டாலும் அதைக் கட்டப் போவது மருத்துவமனை.

அதனால் உங்களுக்கு முதல் தேவை சிடிஓவே இல்லை, மூன்று ஷிப்டுக்கும் பொறுப்பான ஐடி ஆட்கள். அவர்களுக்கு மேல் பகுதி நேரத் தலைவர் இருக்கலாம். இன்னொன்று: அவர் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால் பில்லில் 18 சதவீதம் சேரும். ஏற்றுமதியாளர் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால் உங்களுக்கு அது பெரும்பாலும் நேர்ச் செலவு. பட்ஜெட் போடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு, ஆன்லைன் விற்பனை: பணம் குறைவு, பங்கு தருகிறோம் என்று பகுதி நேர சிடிஓவிடம் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் ஈசாப் (ஊழியர் பங்குத் திட்டம்) என்ற பெயரில் தர முடியாது. கம்பெனிச் சட்ட விதிப்படி அது நிரந்தர ஊழியர்களுக்கும் இயக்குநர்களுக்கும்தான், சுயேச்சை இயக்குநர் நீங்கலாக. வெளியாளான ஆலோசகர் அதில் வர மாட்டார். அவரை இயக்குநராக்கலாம், நேரடியாகப் பங்கு ஒதுக்கலாம், பங்கு விலை ஏற்றத்துக்கு ஏற்றபடி பணம் தருவதாக ஒப்பந்தம் போடலாம். எதுவானாலும் ஆடிட்டரையும் கம்பெனி செகரட்டரியையும் கேட்காமல் வாட்ஸ்அப்பில் சதவீதம் பேசாதீர்கள். அடுத்த முதலீட்டாளர் வரும்போது அந்த மெசேஜ்தான் முதலில் வெளியே வரும்.

திருச்சி, பெயர் வேண்டாம் என்றவர்: அவர் எழுதிய கோடு யாருடையது? எங்கள் போட்டியாளருக்கும் போய் வேலை செய்தால்?

நல்ல கேள்வி, பலர் பிரிந்த பிறகுதான் கேட்கிறார்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சொந்தம். பகுதி நேர ஆலோசகர் ஊழியர் அல்ல. எழுத்தில் மாற்றித் தராதவரை அது அவருடையது. எழுதினாலும் அரைகுறையாக எழுதக் கூடாது: காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டு வாடிக்கையாளர் வைத்திருப்பவருக்கு இது ஒரு வரி விட்டுப்போனதால் வரும் வம்பு.

போட்டியாளர் விஷயம்: உங்களோடு இருக்கும் காலத்துக்குத் தடை போடலாம். விலகிய பிறகும் அங்கே போகக் கூடாது என்ற நிபந்தனை 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு முன் நிற்காது. ரகசியம் காக்கச் சொல்வது நிற்கும்.

அப்புறம், டொமைன், கிளவுட் கணக்கு, கோடு இருக்கும் கணக்கு எல்லாம் கம்பெனி மின்னஞ்சலில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஓடிபி அவர் சொந்த போனுக்குப் போகிறது என்றால் நீங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறீர்கள்.

பெங்களூரு: ஜாக் டோர்சி ட்விட்டர், ஸ்கொயர் (பணம் செலுத்தும் சேவை நிறுவனம்) இரண்டுக்கும் ஒரே சமயத்தில் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தாரே?

இருந்தார், 2015 முதல் 2021 வரை. ஒவ்வொன்றிலும் அவருக்குக் கீழே முழு நேர மூத்த நிர்வாகிகள் இருந்தார்கள். அப்படியும் 2020-இல் எலியட் என்ற முதலீட்டு நிறுவனம் அவரது கவனம் சிதறுகிறது என்று பதவிக்கே நெருக்கடி கொடுத்தது.

சேலம், கல்வி செயலி: முழு நேரத்துக்கு மாற முடிவு செய்துவிட்டோம். இப்போது இருக்கும் பகுதி நேரக்காரரையே வரச் சொல்லலாமா?

கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறுப்பார். என்னை இரண்டு நிறுவனங்கள் கேட்டன, இரண்டுக்கும் முடியாது என்றேன். பல இடம் போய் வருவது பழகிவிட்டது, ஓர் இடத்து அன்றாடச் சண்டைகளுக்கு எனக்கு இப்போது பொறுமை இல்லை. உங்களுக்கு வேண்டியதோ அந்தப் பொறுமை உள்ள ஆள்.

அவரை நேர்முகத் தேர்வில் உட்கார வையுங்கள், ஆனால் கடைசி முடிவு உங்களுடையதாக இருக்கட்டும். தன்னைப் போன்ற ஒருவரையே தேர்ந்தெடுக்கத் தோன்றும், நானும் அப்படிச் செய்திருக்கிறேன். புதியவர் சேர்ந்த பிறகு ஆறு வாரமாவது இருவரும் சேர்ந்து இருக்க வேண்டும். அந்த ஆறு வாரத்துக்கும் பழையவருக்கு முழுக் கட்டணம் கொடுங்கள். பேரம் பேசினால், சொல்ல வேண்டியதில் பாதியைத் தலையிலேயே வைத்துக்கொண்டு போய்விடுவார்.