அண்ணன் வீட்டில் அவதிப்படும் தம்பி: நான் புகார் கொடுக்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். என் சித்தியின் இளைய மகனுக்கு வயது 34, பிறவியிலேயே மூளை முடக்குவாதம். பேச்சு குழறும், ஆனால் எல்லாம் புரியும். சித்தி காலமானபின் அவன் அண்ணன் வீட்டில் இருக்கிறான். பென்ஷன் வரும் ஏடிஎம் கார்டு அண்ணனிடம். தொந்தரவு என்று சக்கர நாற்காலியைப் பூட்டி வைக்கிறார். சில நாள் சாப்பாடும் கிடையாது. தருமபுரி மனைக்காக ஏதோ பத்திரத்தில் கைநாட்டு வாங்கியிருக்கிறார். கேட்டால், "நான்தான் கார்டியன்" என்கிறார். நான் புகார் கொடுக்க முடியுமா?

பதில்: தாராளமாக. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 7-ஆம் பிரிவுப்படி, கொடுமை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள யாரும் நிர்வாக நடுவரிடம் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) தகவல் தரலாம். தாசில்தார், உதவி ஆணையர் (ஏசி) போன்ற வருவாய் அதிகாரிகளுக்கு அந்த அதிகாரம் உண்டு. அவரை மீட்க, பாதுகாப்பான இடம் தர, பராமரிப்புச் செலவு கொடுக்க அவர்கள் உத்தரவிடலாம்.

அதற்கு முன் ஒன்று. தம்பியைத் தனியாகப் பார்த்து, அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். வேறு இடமா, அதே வீட்டில் நிம்மதியா? பாதுகாப்புக் காவல்கூட அவர் விரும்பினால்தான். நல்லெண்ணத்தோடு வரும் சொந்தக்காரர்கள்தான் பெரும்பாலும் இதைக் கேட்க மறக்கிறார்கள்.

"குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஸ்டேஷனில் சொல்லக்கூடும். அசராதீர்கள். பொறுப்பில் இருப்பவர் தெரிந்தே உணவு, தண்ணீர் மறுப்பதும், உதவிக் கருவியைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் 92-ஆம் பிரிவில் குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. புகாரை எழுத்தில் கொடுத்து, பிரிவு எண்களைக் குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இன்றே பட்டினி என்றால் 112. வக்கீல் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உரிமை. 15100-ஐ அழையுங்கள்.

அப்புறம் அந்த 'கார்டியன்' பேச்சு. அண்ணன் என்பதாலேயே வயதுவந்த ஒருவருக்கு யாரும் காப்பாளர் ஆகிவிட முடியாது. உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு, தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன் கீழ் மாவட்ட அளவில் இயங்கும் உள்ளூர்நிலைக் குழு காப்பாளரை நியமிக்கலாம். அப்படியே நியமித்திருந்தாலும், கொடுமைப்படுத்தினாலோ சொத்தைச் சுருட்டினாலோ நீக்கச் சொல்லி உறவினர் அதே குழுவிடம் மனு கொடுக்கலாம்.

பணம் தம்பியுடையது. அவரை வங்கிக்கு அழைத்துப்போய் பழைய கார்டை முடக்கி, கணக்கில் அவருடைய மொபைல் எண்ணைப் பதியுங்கள்.

மனை விஷயத்தில் தாமதம் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, தன் லாபம் கலந்திருக்கும் சொத்துப் பரிவர்த்தனையில், உதவி செய்பவர் ஒதுங்கி நிற்க வேண்டும். மனை மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றைத் தமிழ்நாடு பதிவுத் துறை இணையதளத்திலேயே பாருங்கள். வெறும் பவர் என்றால் பெரும்பாலும் ரத்து செய்துவிடலாம். கிரயமோ தானமோ ஆகியிருந்தால், மிரட்டியோ வசப்படுத்தியோ வாங்கிய கைநாட்டு என்று சொல்லி சிவில் கோர்ட்டில் ரத்து கேட்க வேண்டியிருக்கும். மனை தருமபுரியில் இருப்பதால் வழக்கும் அங்கேதான்.