திருநெல்வேலிப் பக்கம் பைக்கில் வருகிறவர்கள் எந்த வளைவுக்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி கேட்டவர் நண்பர்களோடு சென்னையிலிருந்து பைக்கில் வருகிறாராம். மாஞ்சோலைக் கொண்டை ஊசி வளைவுகள் ரொம்ப ஆபத்தா, வேறு எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

மலையைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். மணிமுத்தாறு தாண்டினால் புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் மேலே போக முடியாது. அனுமதி கிடைத்துப் போனாலும் அந்த ரோட்டில் வேகமே வராது. கொண்டை ஊசி வளைவு தன்னைக் கொண்டை ஊசி வளைவு என்று காட்டிக்கொண்டுதான் நிற்கும், பார்த்ததுமே கை தானாகப் பிரேக்குக்குப் போய்விடும்.

ஆளைக் கவிழ்ப்பது சமவெளிதான். நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் பெரும்பாலும் மழையை நம்பிய குளங்கள், அவற்றின் கரை மேலேயே ஓடுகிற ஒற்றைத் தார் ரோடுகள். பழைய வண்டிப்பாதை மேல் தார் போட்டது, அவ்வளவுதான். யாரும் பைக்குக்காக அளந்து போட்டதில்லை. கரை எப்படி வளைகிறதோ ரோடும் அப்படியே வளையும், கரையை வளைத்தவன் தண்ணீரை நினைத்து வளைத்தான்.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வளைவைச் சொல்கிறேன், ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் ரீல்ஸ் எடுக்க ஒரு கூட்டம் வந்துவிடும். வடக்கிலிருந்து தெற்கே வருகிறீர்கள். வலப்பக்கம் குளம், இடப்பக்கம் வயல், ரோட்டுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம். ரோடு நேராக, காலியாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை கரண்ட் கம்பங்களும் பனைகளும் ஒரே வரிசையில் போகும். அந்த வரிசைதான் ஏமாற்று. கம்பங்கள் வயலைக் குறுக்கே வெட்டி நேராகப் போகின்றன, ரோடோ குளத்தைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் திரும்புகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் லேசாகத் திரும்புகிற மாதிரிதான் தெரியும், ஏனென்றால் உட்பக்கம் உடைமரப் புதரும் ஒரு சுடலைமாடன் கோவிலும் மீதி வளைவை மறைத்து நிற்கின்றன. கோவிலைத் தாண்டிய பிறகுதான், குளத்துத் தண்ணீரை வயலுக்கு விடுகிற மடைக்கு நேரே, வளைவு சட்டென்று இறுகும்.

இந்த இறுக்கம் எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. முதல் பாதி 80 மீட்டர் ஆரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டி 20 டிகிரி சாய்ந்தால் போதும், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. அதே வேகத்தில் 30 மீட்டர் ஆரத்துக்குள் நுழைந்தால் 43 டிகிரி சாய வேண்டும். நல்ல டயரோடு சுத்தமான ரேஸ் டிராக்கில் அது சாதாரணம். மண் கிடக்கிற கரை ரோட்டில் அது விழுவதற்கு இன்னொரு பெயர். வேகம் 40 ஆக இருந்தால் 23 டிகிரியில் முடிந்துவிடும். அந்த 20 கிலோமீட்டரை மடைக்கு நேரே போய்க் குறைக்க முடியாது, கோவிலுக்கு முன்பே குறைத்தாக வேண்டும். சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கும். ஏபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயம்தான், ஆனால் சாதாரண ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், பக்கவாட்டில் வழுக்குவதைத் தடுக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது.

அப்புறம் இன்னொரு விஷயம். கிராமத்து ரோடுகள் தண்ணீர் வடிவதற்காக நடுவில் மேடாக, இரண்டு ஓரமும் சரிவாக இருக்கும். நாம் இடப்பக்கம் போகிறவர்கள், வலப்பக்க வளைவில் நமக்குக் கிடைப்பது வெளி ஓரம், அதன் சரிவும் வெளியே பார்த்துத்தான், அதாவது பள்ளத்தைப் பார்த்து. எதிரே வருகிறவனுக்கு அதே இடத்தில் சரிவு சாதகம், அதனால்தான் எதிர்த் திசையில் தினமும் போகிற ஆள் 'அங்கே என்ன இருக்கு?' என்று கேட்பான். சரிவுக்குப் பயந்து நடுவுக்கு ஏறினால் மினி பஸ் வரும். அந்த டிரைவர்கள் கோவிலுக்கு முன்பே ஹாரனை அழுத்திவிடுவார்கள், நீங்களும் அழுத்துங்கள், அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை.

காற்றையும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் மேற்கே இருந்து அடிக்கிற காற்றுக்குத்தான் இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள். குளம் வற்றிக் கிடக்கும் காலம், தடுக்க ஒன்றும் இல்லை. புதர் இருக்கிற வரை ஒன்றும் தெரியாது, புதர் முடிகிற இடத்தில், சரியாக வளைவு இறுகுகிற அதே இடத்தில், வலப்பக்கமிருந்து ஒரு தள்ளு. குளத்து மண்ணும் அதோடு ரோட்டுக்கு வந்துவிடும். இன்னும் கிழக்கே தேரிப் பக்கம் போனால் செம்மணல். சாயங்காலம் என்றால் திரும்பிய உடனே வெயில் நேராகக் கண்ணில். ராத்திரியில் ஹெட்லைட் வண்டி பார்க்கிற பக்கம்தான் அடிக்கும், வெளிச்சத்தில் கரண்ட் கம்பம் தெரியும், ரோடு தெரியாது. மழைக்காலத்தில் குளம் பெருகினால் வளைவு முடிந்து இறங்குகிற இடத்தில் நிறைந்து வழிகிற மறுகால் தண்ணீர் ரோட்டைக் கடந்து ஓடும். தண்ணீர் நின்ற பிறகும் பாசி இருக்கும், அதுதான் மோசம்.

பக்கத்து டீக்கடைக்காரர் வெளியூர் வண்டியைப் பார்த்தால் விடமாட்டார்: "அண்ணாச்சி, கரண்ட் போஸ்ட்டப் பாத்துப் போவாதிய, மடையப் பாத்துப் போங்க." நான் கேட்ட டிரைவிங் அறிவுரைகளில் இதைவிடச் சுருக்கமானது இல்லை. கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும், பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பள்ளத்துக்குத்தான் போவீர்கள்.

சரி, தெரியாமல் வேகமாக நுழைந்தாயிற்று, என்ன செய்வது? இடம் இருந்தால் வண்டியை நிமிர்த்தி, நேர்கோட்டில் இரண்டு பிரேக்கையும் படிப்படியாக அழுத்திவிட்டு மறுபடி திருப்புங்கள். இடம் இல்லையா, முன் பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டு, முகத்தை வளைவு முடிகிற பக்கம் திருப்பி, வலது ஹேண்டிலை மெதுவாக முன்னால் தள்ளுங்கள். தள்ளினால் வண்டி வலப்பக்கம் சாயும், நம்பாதவர்கள் முதலில் காலி மைதானத்தில் செய்து பாருங்கள். குழுவாக வருகிறவர்களுக்கு ஒன்று: முன்னால் போகிறவன் பின்விளக்கைப் பார்த்து வளைவை எடுக்காதீர்கள். அவன் தப்பாக எடுத்தால் எல்லாரும் வரிசையாக வயலில்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் உங்கள் பட்டியலில் இருந்தால் தையிலிருந்து பங்குனிக்குள் வருவீர்கள், பறவைக்கு அதுதான் நல்ல காலம். மாசி, பங்குனி பிசான நெல் அறுப்புக் காலமும்கூட. நெல்லும் வைக்கோலும் ரோட்டில்தான் காயும், அறுப்பு மிஷின் சக்கரத்து வயல் சேறும் அங்கேதான் உதிரும். மாசிப் பனியில் நனைந்த வைக்கோல் மேல் எந்த டயரும் பிடிக்காது. விடியற்காலையிலேயே போட்டோ எடுக்க வேண்டும் என்று ஓடாமல், மூலைக்கரைப்பட்டியில் ஒரு டீ குடித்துவிட்டு வெயில் ஏறியதும் கிளம்புங்கள், எட்டு மணிக்கும் பறவை அங்கேதான் இருக்கும்.