படகுக்குப் பின்னால் இறகுத் தூண்டில்: இரணைமடுவில் சரிவருமா?

கேள்வி: கனடாவில் படகை மெதுவாக ஓட்டி, பின்னால் இறகு கட்டிய தூண்டிலை இழுத்து ட்ரவுட் பிடித்துப் பழகியவன் நான். ஓகஸ்டில் கிளிநொச்சிக்கு வருகிறேன். இரணைமடுக் குளத்தில் அதே மாதிரி இழுத்தால் மீன் படுமா?

பதில்: படும். ஆனால் நீங்கள் நினைக்கிற மீன் இல்லை, நினைக்கிற இடத்திலும் இல்லை.

அங்கே ட்ரவுட் ஏரி நடுவில் சின்ன மீன்களைத் துரத்தித் திரியும். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் கரி ஸ்டீவன்ஸ் கட்டிய பெயர்பெற்ற ‘கிரே கோஸ்ட்’ இறகுத் தூண்டில்கூட ஸ்மெல்ட் என்ற சிறுமீனின் சாயல்தான். இங்கே வலையில் அதிகம் விழுவது திலாப்பியா. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்தது. பாசியையும் அடிச்சேற்றையும் மேய்கிற மீன். முட்டையிடும் குழியைக் காக்கும்போது கோபத்தில் ஒன்றிரண்டு கடிக்கலாம். அதை நம்பி வள்ளம் இறக்க வேண்டாம்.

உங்களுக்கு ஏற்றது விரால். அது துரத்தித் திரியாது. ஆம்பலுக்குள்ளும் பட்டமரத்தடியிலும் பதுங்கிக் கிடந்து பாயும். குளம் நிரம்பினால் 36 அடி என்பது கட்டுப்பக்கத்துக் கணக்கு. நீங்கள் போகவேண்டியது அலைகரைப் பக்கம், அதாவது கட்டுக்கு எதிர்ப்புறம் ஆழம் குறைந்த கரை, இடுப்பளவுத் தண்ணீருக்கு.

இயந்திரம் வேண்டாம். இடம் தெரிந்த ஒருவர் துடுப்புப் போட, நீங்கள் தடியைக் கையிலேயே வைத்திருங்கள். ஆள் ஆறுதலாக நடக்கிற வேகம் போதும். ட்ரவுட்டுக்கு 30 மீற்றர் நூல் விட்டிருப்பீர்கள். இங்கே 12, 15 மீற்றருக்கு மேல் விட்டால் ஏதாவது ஒரு கட்டையில் சிக்கும். தண்ணீர் கலங்கல் என்பதால் வள்ளம் கிட்ட இருப்பதை மீனும் அவ்வளவாகக் கவனிக்காது.

விடுமுன் ஒரு வேலை. தூண்டிலை வள்ளத்தின் ஓரமாக ஒரு முழத்தில் இழுத்துப் பாருங்கள். நனைந்த இறகு ஒடுங்கி, சின்னக் கெண்டை மாதிரி நேராக நீந்தவேண்டும். சுழன்றால் தங்கூசி (நைலோன் நூல்) முறுக்கேறிவிடும். அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். சேவல் கழுத்து இறகில் கறுப்பும் வெள்ளையும் கலந்து கட்டினால் கலங்கலிலும் தெரியும். முள்ளின் வாயை மறைத்து, விறைப்பான தங்கூசியால் ஒரு வளையம் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மீனைவிட ஆம்பல்கொடிதான் அதிகம் ஏறும்.

நேர்கோட்டில் போகாதீர்கள். பாம்பு போவதுபோல வளைந்து வளைந்து போகவேண்டும். திரும்பும்போது உள்வளைவில் நூல் தளர்ந்து இறகு தாழும், நிமிரும்போது சட்டென்று எழும்பும். கடி விழுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். விழுந்தவுடன் இழுத்துப் பிடியுங்கள். ட்ரவுட் மாதிரி ஓடவிட்டு விளையாட்டுக் காட்டினால் விரால் கட்டைக்குள் புகுந்துவிடும், பிறகு உங்கள் பாடு.

ஓகஸ்டில் சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும். விடியப்புறம் இறங்கி, காற்று எழும்புமுன் கரையேறிவிடுங்கள். தண்ணீர் வற்றுகிற காலமாகையால் பட்டமரங்கள் வெளியே தெரியும், அது உங்களுக்கு வசதி. முதலையும் உண்டு, மீனைக் கழுவக் கையைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். குளத்து மீனவர் சங்கத்தில் முதலில் கேட்டுவிடுங்கள், அவர்கள் வலை கிடக்கிற இடத்தையும் சொல்வார்கள்.

இன்னொன்று. நீர்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளித்தால், கீழே பெரிய விரால் காவல் நிற்கிறது. அங்கே இறகை இழுத்தால் கட்டாயம் பாயும். இழுக்காமல் சுற்றிப் போய்விடுங்கள்.